உசிலங்காட்டுக் கையெழுத்து

பேரையூர்
3-8-1998

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை. போன கடிதத்தில் ‘குப்பூஸ் ரொட்டி பழகிவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். பழகிவிட்டது என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எதுவும் உங்களுக்குப் பழகக் கூடாது.

ஹஃபீஸா நன்றாகப் பேசுகிறாள். ‘அத்தா எங்கம்மா?’ என்று கேட்டால் அலமாரியைக் காட்டுகிறாள். உங்கள் போட்டோ அங்கேதானே இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். கல்லுப்பட்டி ரோட்டில் நம் ரெண்டே முக்கால் ஏக்கர் சும்மாதான் கிடக்கிறது. நீங்கள் போர் போட்டு நானூறு அடியிலும் வெறும் புழுதி வந்ததிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது. போன வாரம் காசிமாயன் என்று ஒரு சார் வந்தார். நாட்டு மரத் திட்டம் என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களாம், அதன் பேரையூர் ஆபீசில் இருக்கிறார். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு வேம்பு, உசிலை, வாகை, புங்கை, ஆத்தி என்று இந்த மண்ணின் மரமாக நட வேண்டும். கன்று அவர்கள் தருவார்கள். ஒவ்வொரு தை மாதமும் வந்து எண்ணுவார்கள். உயிரோடு நிற்கிற மரம் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய். அஞ்சாவது எண்ணிக்கையில் நட்டதில் முக்கால்வாசி இருந்தால் மொத்தமாக நாற்பதாயிரம். மரமும் நமக்கே.

“மரம் வளக்குறதுக்கு எதுக்கு சார் காசு குடுக்குறீக?” என்று கேட்டேன். “வெட்டுறவனுக்குக் காசு கெடைக்குதுல்லம்மா, வளக்குறவுகளுக்கும் குடுத்துத்தான் பாப்பமே” என்றார்.

பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பர் பதினெட்டு கடைசித் தேதி. அச்சடித்த ஃபாரம் இன்னும் வரவில்லை. அதற்குள் ‘சரி’ என்று ஒரு வரி எழுதுங்கள். ரெண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், ஒன்று முடிந்துவிட்டது. மரம் என் இடுப்புக்கு வரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள்.

பிரியமுள்ள,
ஆரிபா


ரியாத்
24-8-1998

அன்பு ஆரிபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. ஹஃபீஸா அலமாரியைக் காட்டுகிறாள் என்ற வரியை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளின் போட்டோவை எடுத்துக் காட்டினார்கள்.

நான் இங்கே பார்க்கிற வேலையை உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. தோட்ட வேலை என்றேன். தோட்டம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக வேப்பங்கன்று நட்டிருக்கிறார்கள். டேங்கர் லாரி மெதுவாக முன்னால் போகும், நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். ஒரு நாளைக்கு அறுநூறு கன்று. நம் ஊரில் தானாக முளைக்கிற வேம்புதான். இங்கே அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். போரில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலத்தில் நீ எதை ஊற்றி மரம் வளர்ப்பாய்? மரத்தை நட்டுவிட்டால் அப்புறம் ஏர் ஓட்டவும் முடியாது. யாசீன் சவூதிக்குப் போனான், பெண்டாட்டி நிலத்தைக் காடாக்கிவிட்டாள் என்று ஊரில் பேசுவார்கள். யோசித்து எழுதுகிறேன். அதுவரை எதிலும் இறங்காதே.

உன் அன்புள்ள,
ப. முகமது யாசீன்


பேரையூர்
4-11-1998

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். கடைசித் தேதி யோசிக்கவில்லை. ஃபாரம் திங்கட்கிழமை கைக்கு வந்தது, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உங்கள் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்.

நீங்கள் இதுவரை எழுதிய பதினாலு கடிதத்தையும் விரித்துவைத்து மூன்று நாள் பழகினேன். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியைத் தாளில் ஓட்டை விழுகிற மாதிரி குத்துகிறீர்கள். நடுவில் அவசரமாக ஓடுகிறீர்கள். ‘யாசீன்’ என்பதை மட்டும் நிதானமாக எழுதுகிறீர்கள். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, முழுப் பெயருக்கும் அடிக்கோடு போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. கூடவே வாழ்ந்தும் இதையெல்லாம் நான் கவனித்ததில்லை. மூன்றாவது நாள் அப்படியே வந்துவிட்டது. பார்த்ததும் நீங்களே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். செய்தது தப்பு என்று தெரியும். ஆனால் உங்கள் பெயரை என் கையால் எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதையும் மறைக்கவில்லை.

காசிமாயன் சார் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். “திங்கக்கெழம வாங்கிட்டுப் போனீக, வெள்ளிக்கெழம சவூதியிலருந்து வந்துருச்சா? தபால்காரரு பறந்துல்ல போயிருக்காரு!” என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டார்.

ஐப்பசி மழை கைவிடவில்லை. நானும் அடுத்த காட்டு ஒச்சம்மாள் அக்காவும் நானூற்று நாற்பது கன்று நட்டுவிட்டோம். பாதிக்கு மேல் உசிலை. பாழாய்ப்போன போர்க்குழியின் வாயைச் சட்டி போட்டு மூடி, பக்கத்திலேயே முதல் வேம்பை வைத்தேன். அன்றைக்கு நீங்கள் அந்த இடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் வரும்போது அங்கே உட்கார நிழல் இருக்கும்.

மன்னிப்புக் கேட்டு,
ஆரிபா


ரியாத்
28-11-1998

ஆரிபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ரெண்டு நாள் உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். எனக்கு வந்த கோபத்தை நீ பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டில் அழகுமலை பார்த்தான். உசிலம்பட்டிக்காரன். “கள்ளக் கையெழுத்துப் போட்டு நெலத்தையா வித்துருச்சு? மரந்தான நட்டுருக்கு. விடு மாப்ள” என்றான். அவன் சொன்ன பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். மறுபடியும் படித்தேன்.

இனிமேல் என்ன செய்வது, உயிரைக் கொடுத்தாவது காப்பாற்று. பழைய மண்பானைகளை விலைக்குக் கேட்டு வாங்கு. அடியில் சின்னத் துளை போட்டு, துணித்திரி சொருகி, கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து வை. பானையில் ஊற்றுகிற தண்ணீர் ஒரு வாரம் கசிந்துகொண்டிருக்கும். இங்கே ஊற்றுகிற தண்ணீரில் பாதியைச் சூரியன் குடித்துவிடுகிறது. ஹோஸைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு நம் நிலத்து ஞாபகம்தான். இந்த ஒரு டேங்கர் அங்கே போனால் எத்தனை கன்று பிழைக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.

வைகாசியில் ரெண்டு வருஷம் முடிகிறது. வந்து எண்ணிப் பார்ப்பேன்.

முகமது யாசீன்


ரியாத்
10-4-1999

அன்பு ஆரிபாவுக்கு,

தை எண்ணிக்கையில் நானூற்று முப்பத்தொன்று நிற்கிறது என்று எழுதியிருந்தாய். பானை வேலை செய்கிறது பார்த்தாயா? அதை நினைத்துச் சந்தோஷப்படும்போதே இதை எழுத வேண்டியிருக்கிறது.

தங்கச்சி கல்யாணம் கூடிவந்துவிட்டது. லீவில் வராமல் இருந்தால் லீவுச் சம்பளமும் டிக்கெட் பணமும் கையில் தருகிறார்கள். அதைக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன். வைகாசியில் வர முடியாது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே எல்லாமே இங்கிலீஷில்தான் போட வேண்டும். முதலில் சிரமமாக இருந்தது, இப்போது கை அதுபாட்டுக்குப் போடுகிறது.

என்மேல் கோபமாக இரு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

யாசீன்


பேரையூர்
30-1-2001

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். மூன்றாவது எண்ணிக்கை முடிந்தது. முந்நூற்று அறுபத்தெட்டு. ஒச்சம்மாள் அக்காவின் ஆடுகள் ஒரே மத்தியானத்தில் இருபது ஆத்தியை மொட்டையடித்துவிட்டன. நாங்கள் போட்ட சண்டை ரோடு வரைக்கும் கேட்டது. நாலு நாள் கழித்து அவர்களே வந்து, “ஆடு தின்னதுக்கு எங்கெணத்துல தண்ணி எடுத்துக்க” என்றார்கள். மரம் போனது போனதுதான், கிணறு கிடைத்தது. தினமும் முப்பது குடம். அது என் இடுப்புக்குத் தெரியும்.

உசிலை இலையைப் பறித்து நிழலில் காயப்போட்டு இடித்து, கோரிப்பாளையத்தில் சேக் இஸ்மாயில் அண்ணன் கடைக்கு அனுப்புகிறேன். தலைக்குத் தேய்த்துக் குளிக்க வாங்குகிறார்களாம். ‘தங்கச்சி, இன்னும் இருந்தாக் குடுத்துவிடு’ என்று அண்ணன் ஆள் அனுப்புகிறார். நம் மரத்தின் வாசம் மதுரையில் யார் யார் தலையிலோ இருக்கிறது, உங்களுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஹஃபீஸா ஒன்றாம் வகுப்பு. டீச்சர் நூறு வரைக்கும் சொல்லச் சொன்னால் முந்நூற்று அறுபத்தெட்டில் போய்த்தான் நிற்கிறாள். அதற்கு மேல் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும், அதற்காக இன்னும் ரெண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். தளம் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொள்வேன். நீங்கள் இல்லாத இடத்தில் எதை வைப்பது?

ஒப்பந்தத்தில் வருஷா வருஷம் உங்கள் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கடிதத்தைப் பார்க்காமலே வருகிறது. உங்கள் கடிதங்களில்தான் உங்கள் பெயர் தேய்ந்துகொண்டே வருகிறது. முதல் வருஷம் முழுப்பெயர் இருந்தது. கவனித்தேன், சொல்கிறேன்.

ஆரிபா


ரியாத்
17-6-2002

அன்பு ஆரிபா,

போனில் மூன்று நிமிஷம் பேசியதில் ‘நல்லாருக்கியா’ மட்டும்தான் கேட்டேன். மீதியை எழுதலாம் என்று உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. வெயில் ஐம்பதைத் தொடுகிறது. நான் முதலில் தண்ணீர் ஊற்றிய கன்றுகள் லாரியைவிட உயரமாகிவிட்டன. அடியில் நின்று டீ குடிக்கிறோம்.

முந்நூற்று முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தாய். முந்நூற்று முப்பதுக்குக் கீழே போனால் கடைசிப் பணம் கிடையாது, இல்லையா? மழை பெய்யட்டும். துஆ செய்கிறேன்.

யா.


பேரையூர்
5-2-2003

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் ஐந்தாவது எண்ணிக்கையும் முடிந்தது. மழையே இல்லாத வருஷத்தில் முந்நூற்று முப்பத்தாறு நிற்கின்றன. காசிமாயன் சார் ரெண்டு தடவை எண்ணினார். மூன்றாவது தடவை ஹஃபீஸா எண்ணினாள். அவள் கணக்கும் சரியாக வந்தபிறகுதான் எழுதிக்கொண்டார்.

கடைசி ஃபாரம் இத்துடன் இருக்கிறது. இதை நான் போடவில்லை. இத்தனை வருஷம் எல்லாவற்றிலும் உங்கள் பெயரை நானே எழுதினேன். முடிவில் ஒரு தடவையாவது உங்கள் கை இதில் பட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நிலம் உங்களுடையது, மரம் நம்முடையது. போட்டு அனுப்புங்கள், அவசரமில்லை.

அவசரம் வேறொன்றுக்கு இருக்கிறது. ஜூனில் உங்கள் ரெண்டு வருஷம் முடிகிறது. நாற்பதாயிரம் வருகிறது. உசிலைத்தூள் மாதாமாதம் போகிறது. இந்த வருஷம் வேப்பமுத்தும் பொறுக்கலாம். நீங்கள் அங்கே அனுபவிக்கிற வெயிலில் பாதியை இங்கே அனுபவித்தால் நாம் பிழைத்துக்கொள்ளலாம். ஆறு வருஷமாகச் சுற்றி வளைத்து எழுதிவிட்டேன், இப்போது நேராகவே எழுதுகிறேன். வாருங்கள். எனக்கு நீங்கள் வேண்டும்.

போர்க்குழி வேம்பின் அடியில் ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நான் ஒருத்திதான் உட்காருகிறேன்.

உங்கள்,
ஆரிபா


ரியாத்
1-3-2003

அன்பு ஆரிபா,

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முந்நூற்று முப்பத்தாறு! நீ பெரிய ஆள்தான். ஜூன் விஷயம் பார்த்துச் சொல்கிறேன். மேனேஜர் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்.

யா.


பேரையூர்
22-4-2003

மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் அனுப்பிய ஃபாரம் திரும்பி வந்துவிட்டது.

காசிமாயன் சார் கூப்பிட்டனுப்பினார். என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மதுரை ஆபீசுல திருப்பிட்டாகம்மா. அஞ்சு வருசமா வந்த கையெழுத்தெல்லாம் ஒண்ணுபோல அம்புட்டு லெட்சணமா இருக்கு. இதுதான் ஒத்து வரல. நெலத்துக்காரர் பேர்ல வேற எவனோ போட்டுருக்கான்னு எழுதியிருக்காக” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பார்த்தால் இங்கிலீஷில் போட்டிருக்கிறீர்கள். என்ன எழுத்து என்றே எனக்குத் தெரியவில்லை. ரெண்டு சுழி, ஒரு கோடு.

புது ஃபாரம் கொடுத்திருக்கிறார். ஜூன் முப்பதுக்குள் ஆள் நேரில் வந்து அவர் முன்னால் போட்டாலும் சரி, பழைய மாதிரியே போட்டு அனுப்பினாலும் சரி என்றார். நானே போட்டுக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இத்தனை நாள் நீங்கள் போடுவதைத்தான் உங்களுக்காக நான் போடுகிறேன் என்றிருந்தேன். இப்போது நீங்கள் வேறு மாதிரி போடுகிறீர்கள். நான் எழுதி வந்தது யாருடைய பெயர்? இல்லாத ஆளுக்குச் சோறு போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அதனால் ஃபாரத்துடன் ஒரு மாதிரித் தாள் வைத்திருக்கிறேன். அதில் பத்துத் தடவை போட்டிருக்கிறேன். பார்த்துப் பழகி, அதேபோல் போட்டு அனுப்புங்கள்.

வரச் சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆரிபா


ரியாத்
24-5-2003

என் அன்பு ஆரிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மாதிரித் தாளைத் தலைமாட்டில் ஒட்டிவைத்து மூன்று வாரம் பழகினேன். மூன்று நாளில் உனக்கு வந்தது எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. “சொந்தப் பேர எழுதத் தெரியாமயா மாப்ள ஆறு வருசம் சம்பளம் வாங்குன?” என்று அழகுமலை கேட்டான். புள்ளி வந்தது, அவசரம் வந்தது, வால் மட்டும் வரவில்லை. அது கீழே இறங்கித் திரும்புகிற இடத்தில் என் கை ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டது. உன்னுடையதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கையெழுத்துக்காரனை எனக்கு அடையாளம் தெரிந்தது. மதுரை பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு ‘ரெண்டே வருஷம்’ என்று சொன்னவன் அவன். நான் அவனை இங்கே எங்கேயோ தொலைத்துவிட்டேன். நீ முந்நூற்று முப்பத்தாறு மரத்தோடு சேர்த்து அவனையும் காப்பாற்றி வைத்திருக்கிறாய்.

முந்தாநாள் வால் வந்துவிட்டது. ஒரு நூறு தடவை போட்டிருப்பேன். கை வேறு எதையும் போட மறுத்தது.

நேற்று ஆபீசில் கூப்பிட்டார்கள். இன்னும் ரெண்டு வருஷத்துக்கான பத்திரம், கூட்டிய சம்பளம் எல்லாம் தயாராக இருந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைக் கொடுத்தார்கள், போட்டேன். கிளார்க் பார்த்துவிட்டுப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினான். ‘இது உன் கையெழுத்து இல்லையே. பழையபடி போடு’ என்றான். குனிந்து பார்த்தேன். தமிழில், முழுப்பெயரில், வாலோடு இருந்தது. நீ போடுகிற கையெழுத்து.

அவன் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தான். நான் வாங்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ‘எனக்கு டிக்கெட் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பார். பின்பக்கம் அச்சடித்திருப்பதுதான் அந்தப் பத்திரம். அவர்கள் ஏற்றுக்கொள்ளாத என் பெயர் அதன் அடியில் இருக்கிறது.

நாற்பதாயிரமும் உசிலைத்தூளும் வேப்பமுத்தும் போதுமா என்று கணக்குப் பார்த்தேன். போதாது. இருந்தாலும் வருகிறேன். ஜூன் பத்தொன்பது, திருவனந்தபுரம் வழியாக. ஃபாரத்தைத் தபாலில் அனுப்பவில்லை, கையில் எடுத்து வருகிறேன். காசிமாயன் சாரின் முன்னால் போடும்போது நீ பக்கத்தில் நின்றுகொள்.

ஹஃபீஸா என்னைப் பார்த்துவிட்டு அலமாரியைப் போய்ப் பார்த்தால் நீ சிரிக்கக் கூடாது. அவளோடு சேர்ந்து நானும் மரங்களை எண்ண வேண்டும். அவளுக்குத் தெரியாத ஒன்றையாவது நான் கண்டுபிடிக்கிறேனா பார்க்கலாம்.

கீழே பார். வால் சரியாக வந்திருக்கிறதா?

உன்,
ப. முகமது யாசீன்